கயிறு யார் கையில்? பெரும் நாய்களும் காவல் தேடும் எங்கள் வீடுகளும்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை ஊடாக ஏறும் வீதி ரிவர்ஸ்டன் பக்கம் உச்சியைத் தொடும்போது காற்று ஆளைத் தள்ளும். மழைக்காலத்தில் பனிமூட்டம் வீதியையே மறைத்துவிடும். அங்கிருந்து இலுக்கும்புர, பல்லேகம என்று கீழே இறங்க இறங்கக் குளிர் விலகி, லக்கலப் பக்கம் வந்துசேரும்போது உலர்வலயத்தின் வெக்கை முகத்தில் அடிக்கும். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காக இங்கே பழைய ஊர்கள் நீருக்குள் போயின. மக்கள் புதிய நகரத்துக்கும் புதிய குடியிருப்புகளுக்கும் மாற்றப்பட்டார்கள். நக்கிள்ஸ் மலைத்தொடரை உள்ளடக்கிய மத்திய மலைநாடு 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மலையைப் பார்க்க வருபவர்களுக்காக விடுமுறை வீடுகளும் அங்கங்கே எழும்பியிருக்கின்றன.

இடம்பெயர்க்கப்பட்ட மக்களைப் பற்றி எழுதத்தான் நான் அங்கு போனேன். ஆனால், திரும்பி வந்த பிறகும் மனதில் நின்றது ஒரு நாயும் அதைப் பார்த்துக்கொள்ளும் மனிதரும்தான்.

ஒரு விடுமுறை வீட்டின் படலைக்குப் பின்னால் அந்த நாய் நின்றது. கிரேட் டேன் இனம். நான்கு காலில் நிற்கும்போதே அதன் முதுகு என் இடுப்புக்கு வந்தது. வீட்டுக்காரர் கொழும்பில் இருக்கிறார், மாதத்தில் ஒரு தடவை வருவார். மற்ற நாட்களில் வீடு, வளவு, நாய் எல்லாம் ஐம்பதைத் தாண்டிய ஒரு காவலாளியின் பொறுப்பு. அவர் தமிழர் என்று தெரிந்ததும் பேச்சு நீண்டது. அவருடைய குடும்பம் மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து 1977 வன்செயலுக்குப் பிறகு வவுனியாவுக்குப் போனது. அங்கிருந்து வன்னி. 2009இல் மெனிக்பாம் முகாம். பிறகு வேலை தேடி, தகப்பன் விட்டுப்போன மாவட்டத்துக்கே திரும்பி வந்திருக்கிறார்.

மத்தியான வெயிலில் அவர் சாக்கொன்றைத் தண்ணீரில் நனைத்து மாமரத்தடியில் விரித்தார். நாய் வந்து அதன் மேல் சரிந்து படுத்தது. அதன் முழங்கை இரண்டிலும் மயிர் உதிர்ந்து தோல் தடித்துப்போயிருந்தது. சீமெந்துத் தரையில் படுத்துப் படுத்து வந்த காய்ப்பு. மலைநாடு என்றால் குளிர் என்று நினைத்துத்தான் வீட்டுக்காரர் இந்த இனத்தை வாங்கினாராம். வீடு இருப்பதோ மலையின் வெயில் பக்கத்தில்.

நாயைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. தனக்கு ஏதாவது வந்தால் அரச ஆஸ்பத்திரி இருக்கிறது, இதற்கு இரவில் ஏதாவது வந்தால் எங்கே கொண்டுபோவது, எதில் ஏற்றுவது என்பதுதான் அவருடைய கவலை. கண்டியிலுள்ள ஒரு மிருக வைத்தியரின் தொலைபேசி இலக்கம் சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. வாகனம் இல்லை.

இது லக்கலவின் ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வவுனியாவிலும் இன்று பல மதில்களுக்குப் பின்னால் நடப்பது இதுதான். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

குரைப்பின் அரசியல்

எங்களுக்கு நாயின் குரைப்பு வெறும் சத்தம் அல்ல. ஊரடங்கு இரவுகளில் எந்த ஒழுங்கையில் நாய் குரைக்கிறது என்பதை வைத்தே ரோந்து எங்கே வருகிறது என்று எங்கள் பெற்றோர் கணித்தார்கள். குரைப்பு நெருங்கினால் விளக்கு அணையும், பேச்சு நிற்கும். நாய் திடீரென்று அடங்கிப்போனால் பயம் இன்னும் கூடும். நான் பிறந்து வளர்ந்த வருடங்களில் இது பாடப்புத்தகத்தில் இல்லாத, ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம்.

போர் முடிந்தது. பயம் முடியவில்லை, அது வேறு உருவம் எடுத்தது. திருட்டு, வாள்வெட்டு, போதைப்பொருள் என்று செய்திகள் வந்துகொண்டேயிருக்கின்றன. பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறையிட்டால் பாதுகாப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கை எங்கள் மக்களிடம் ஒருபோதும் உறுதியாக வேரூன்றியதில்லை. அந்த நம்பிக்கையின் வெற்றிடத்தைத் தனியாரே நிரப்புகிறார்கள். முதலில் மதில் உயர்ந்தது. பிறகு கண்ணாடித் துண்டு, கம்பி, கமரா. அதற்கடுத்ததாக ஒரு பெரிய நாய்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது விளங்கக்கூடியதுதான். பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்துகொண்டு, தனியே இருக்கும் எழுபது வயது அம்மாவையும் அப்பாவையும் நினைத்து நித்திரை வராமல் தவிக்கும் மகனுக்கு, ஒரு பெரிய நாயின் படம் மனநிம்மதி தருகிறது. முகநூலில் குட்டி விற்பனை விளம்பரம் கிடைக்கிறது. பணம் அனுப்பினால் குட்டி வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.

ஆனால், நாய் பூட்டு அல்ல. பூட்டை வாங்கி மாட்டிவிட்டு மறந்துவிடலாம். நாயை ஒவ்வொரு நாளும் யாராவது பார்க்க வேண்டும். வாங்குவது ஒருவர், பயம் ஒருவருடையது, பாரம் இன்னொருவருடையது. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

ஐம்பது கிலோவைத் தாண்டினால்

பெரும் நாய் இனம் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை கிரேட் டேன், மஸ்டிஃப், சென் பேர்னாட், நியூஃபவுண்ட்லாந்து, ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் போன்றவை. வளர்ந்த ஆண் நாய் ஐம்பது கிலோவுக்கு மேல், சில இனங்களில் எண்பதையும் தாண்டும். எங்கள் ஊர்களில் ‘பெரிய நாய்’ என்று சொல்லப்படும் அல்சேஷன் இந்தப் பட்டியலில் வராது. தமிழ்நாட்டின் ராஜபாளையமும் அப்படித்தான். அது உயரமானது, ஆனால் வெயிலுக்குப் பழகிய மெலிந்த வேட்டை நாய்.

பெரிய உடம்பின் கணக்கு வேறு. அறுபது கிலோ நாயொன்றுக்கு ஒரு நாளைக்குத் தேவையான சக்தி ஏறக்குறைய 2400 கலோரி. வளர்ந்த மனிதர் ஒருவருடைய ஒரு நாள் உணவுக்கு அது சமம். பைக்கற்றில் வரும் உலர் தீவனமாகப் பார்த்தால் நாளுக்குச் சுமார் 700 கிராம், மாதத்துக்கு இருபது கிலோவுக்கு மேல். மருந்தும் உடல் நிறையை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. பத்துக் கிலோவுக்கு ஒன்று என்று கொடுக்கும் பூச்சி மாத்திரை ஊர் நாய்க்கு ஒன்றரை என்றால் இதற்கு ஆறு. உண்ணிக் காய்ச்சலுக்கான மருந்தும், சத்திரசிகிச்சைக்கான மயக்க மருந்தும் இதே விகிதத்தில் கூடும். 2022இன் டொலர் நெருக்கடியில் மனிதருக்கே மருந்து இல்லாமல் போனதை நாம் மறக்கவில்லை. அந்த நாட்களில் இறக்குமதித் தீவனத்தையே நம்பியிருந்த நாய்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

குட்டிப் பருவம்தான் மிகவும் கவனமானது. பிறக்கும்போது அரைக் கிலோவோ சற்றுக் கூடவோ இருக்கும் கிரேட் டேன் குட்டி, ஒரு வருடத்துக்குள் ஐம்பது கிலோவை நெருங்கிவிடும். இந்த வேகத்தில் வளரும் எலும்புக்குக் கல்சியம் நிறையக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் ஊர்களில் பலர் நம்புகிறார்கள். கல்சியம் மருந்து, பால், எலும்புத் தூள் என்று சேர்த்துக் கொடுப்பார்கள். உண்மை இதற்கு எதிரானது. பெரும் இனக் குட்டிகளின் குடல் அளவுக்கு மிஞ்சிய கல்சியத்தைத் தடுத்து நிறுத்தாது. கூடுதலாக உள்ளே போகும் கல்சியமும் கூடுதலான உணவும் எலும்பையும் மூட்டையும் கோணலாக்கும். குட்டியைக் கொழுக்க வைக்கக்கூடாது, மெலிவாகவே மெதுவாக வளர்க்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை வயதுவரை படிக்கட்டில் ஓடவிடுவது, உயரத்திலிருந்து குதிக்கவிடுவது, மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓடவைப்பது எல்லாம் தவிர்க்கப்பட வேண்டியவை.

அடுத்தது வயிறு முறுக்கம். ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள பெரிய நாய்களில், குறிப்பாகக் கிரேட் டேனில், வயிறு காற்றால் ஊதிப் பிறகு தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். இரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணித்தியாலங்களுக்குள் நாய் செத்துவிடும். அறிகுறிகள் தெளிவானவை: வாந்தி எடுக்க முயலும், ஆனால் ஒன்றும் வராது, வீணீர் வடியும், வயிறு மத்தளம் போல இறுகும், ஓரிடத்தில் நிற்காமல் அந்தரப்படும். வீட்டு வைத்தியம் எதுவும் இதற்கு உதவாது. உடனடிச் சத்திரசிகிச்சை மட்டும்தான் வழி. உணவை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துக் கொடுப்பதும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஓடவிடாததும் ஆபத்தைக் குறைக்கும். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யும்போதே வயிற்றை உட்சுவரோடு சேர்த்துத் தைத்துவிடும் முறையும் இருக்கிறது. வைத்தியரிடம் அதைக் கேட்கலாம்.

மூன்றாவது வெயில். நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். உடம்பு பெரிதாக இருந்தால் சூடு வெளியேற நேரம் எடுக்கும், காற்றில் ஈரப்பதன் கூடினால் மூச்சிரைப்பும் பயன் தராது. சித்திரை, வைகாசியில் தகரக் கூரையின் கீழ் கட்டப்பட்ட பெரிய நாய் ஒரு பகலிலேயே செத்துப்போகலாம். தள்ளாடினால், நாக்கு கருஞ்சிவப்பானால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறியைப் போட்டுவிட்டு வைத்தியரிடம் ஓட வேண்டும். லக்கல மனிதர் விரித்த ஈரச் சாக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. நாயைப் பார்த்துப் பார்த்து அவரே கண்டுபிடித்தது.

இவ்வளவு பார்த்தாலும் காலம் குறைவு. ஊர் நாய் பன்னிரண்டு, பதினான்கு வருடம் வாழ்வதை நாம் பார்த்திருக்கிறோம். கிரேட் டேனின் ஆயுள் பொதுவாக ஏழு முதல் பத்து வருடம். ஆறு வயதிலேயே அது கிழடு. பின்னங்கால் தளர்ந்து எழும்ப முடியாமல் போகும்போது, அறுபது கிலோ உடம்பைத் தூக்கித் திருப்பிப் படுக்கவைக்க ஒருவர் வேண்டும். எழுபது வயது அம்மாவால் அது முடியுமா?

பேராதனை எவ்வளவு தூரம்?

இலங்கையில் மிருக வைத்தியர்களை உருவாக்கும் பீடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, பேராதனைப் பல்கலைக்கழகத்தில். அதோடு சேர்ந்த போதனா வைத்தியசாலையே சிக்கலான சத்திரசிகிச்சைகளுக்குப் பலர் நம்பியிருக்கும் இடம். யாழ்ப்பாணத்திலிருந்து அது முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். வயிறு முறுக்கிய நாய்க்கு அந்தத் தூரம் மரண தண்டனை. லக்கலவிலிருந்து தூரம் குறைவுதான், ஆனால் மலை வீதி, இரவு, வாகனம் இல்லை என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிதில்லை.

அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் எங்கள் பிரதேசங்களில் இருக்கின்றன. அவை பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிக்காக அமைந்தவை. போரில் கால்நடைகளை இழந்து, கடன்பட்டு மறுபடியும் இரண்டு மாடு வாங்கிய குடும்பங்களுக்கு அந்தச் சேவை உயிர்நாடி. அங்கே வேலை செய்பவர்களிடம் ஒரு கிரேட் டேனின் இதயத்தையோ இடுப்பு மூட்டையோ பரிசோதிக்கும் கருவிகளை எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஆகவே, பெரிய நாய் வாங்குவதற்கு முன் விலையைக் கேட்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: இரவு பதினொரு மணிக்கு இதன் வயிற்றைத் திறக்கக்கூடிய வைத்தியர் எத்தனை மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறார்?

பாதிரிமார் ஒப்புக்கொண்ட உண்மை

சுவிற்சர்லாந்தில் இருக்கும் எங்கள் உறவுகள் பேர்ண் நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாரி என்ற நாயைப் பார்த்திருப்பார்கள். அல்ப்ஸ் மலையில் 2469 மீற்றர் உயரத்திலுள்ள பெரிய சென் பேர்னாட் கணவாயில் பனியில் சிக்கிய நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் நாய் அது. 1814இல் இறந்தது. அந்தக் கணவாயின் மடத்துப் பாதிரிமார்தான் நூற்றாண்டுகளாக இந்த இனத்தை வளர்த்தார்கள்.

ஆனால், 2004இல் அந்த மடமே நாய்களைக் கைமாற்ற முடிவுசெய்தது. மடத்தில் எஞ்சியிருந்த பாதிரிமார் சிலர்தான். நாய்களைப் பார்க்கும் வேலை அவர்களுடைய சக்தியை மீறிப் போயிருந்தது. 2005 முதல் பாரி மன்றம் என்ற அமைப்பு மார்த்தினி நகரில் அவற்றை வளர்க்கிறது. நாய்கள் கோடையில் மட்டும் மலைக்குப் போய்வருகின்றன. ஒரு இனத்துக்கே பெயர் கொடுத்தவர்கள், எங்களால் இனி முடியாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, நாய்களுக்கு ஒரு வழி செய்துவிட்டு விலகினார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் வீடுகளில் இந்த ஒப்புக்கொள்ளல் நடப்பதில்லை. நாய் சங்கிலியில் மெலிந்துகொண்டே போகும், அல்லது ஒரு இரவு வாகனத்தில் ஏற்றப்பட்டுத் தூரத்தில் எங்காவது இறக்கிவிடப்படும்.

பெரிய காவல் நாய்கள் எதற்காக உருவாக்கப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். துருக்கியின் கங்கால் நாய் ஆட்டு மந்தையோடு சேர்ந்து குட்டியிலிருந்தே வளர்ந்து, திறந்த வெளியில் மந்தையைக் காப்பது. நமீபியாவில் சிறுத்தைகளிலிருந்து ஆடுகளைக் காக்க, சீற்றா பாதுகாப்பு நிதியம் 1994 முதல் இவ்வகை நாய்களை விவசாயிகளுக்குக் கொடுத்துவருகிறது. ஆடும் பிழைக்கிறது, விவசாயி சிறுத்தையைச் சுடுவதும் குறைகிறது. அங்கே நாய்க்கு வேலை, இடம், துணை மூன்றும் உண்டு. ஆறடிச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டப்பட்ட நாய்க்கு இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. அது காவல் காப்பதில்லை, பயத்திலும் ஏக்கத்திலும் குரைக்கிறது. சங்கிலி அறுந்த நாளில் அது யாரைக் கடிக்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

கடிபடுவது யாருடைய பிள்ளை?

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றுக்குள் இரண்டு ரொட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அந்தச் சிறுமி பூங்காக் காவலாளியின் மகள். பூங்காவுக்குள்ளேயே அந்தக் குடும்பம் தங்கியிருந்தது. நாய்கள் அக்கம்பக்கத்தில் வசித்த ஒருவருடையவை. ரொட்வைலர் பெரும் இனம் என்று கணக்கிடப்படுவதில்லை. ஆனால், ஒருவர் பாதுகாப்புக்கும் பெருமைக்கும் வளர்க்கும் நாயின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. மதிலுக்கு உள்ளே இருப்பவருக்கு நாய் பாதுகாப்பு. தபால்காரருக்கும், வேலிக்கரையால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும், வளவு கூட்ட வரும் பெண்ணுக்கும் அதே நாய் ஆபத்து.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 2024 மார்ச் 12ஆம் திகதி, இந்திய மத்திய அரசு இருபத்துமூன்று வகை நாய்களைத் தடைசெய்யுமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எடுக்கப்பட்ட முடிவு என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. தடை போடுவது அரசுக்கு இலகு. பதிவு, பயிற்சி, கண்காணிப்பு என்று நாள்தோறும் வேலை செய்வதுதான் கடினம்.

இலங்கையின் நிலை என்ன? விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் 1893இல் வந்தது. நாய்களைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டம் 1901இல் வந்தது. மிருக வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907இல் வந்தது. அதன் உச்சத் தண்டப் பணம் நூறு ரூபாவாகவே இருந்துவந்திருக்கிறது. இன்றைக்கு ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு வடையும் வாங்க அது போதாது. 2006இல் சட்ட ஆணைக்குழு தயாரித்த விலங்கு நலச் சட்டமூலம் அரசாங்கம் மாற மாற இழுபட்டுவந்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்களைக்கூட எங்கள் பிரதேச சபைகள் முழுமையாக நடைமுறைப்படுத்துவதில்லை. உங்கள் ஒழுங்கையில் எத்தனை நாய்கள் பதிவுசெய்யப்பட்டிருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால், செய்தால் பலன் உண்டு என்பதற்கு விசர்நாய்க்கடியே சாட்சி. 1973இல் இந்த நோயால் நாட்டில் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்கான தடுப்பூசியும் கடிபட்டவர்களுக்கான இலவசச் சிகிச்சையும் பரவலானதால் அது இன்று சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. அரசும் மக்களும் சேர்ந்து செய்த வேலையின் விளைவு அது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. சுவிஸில் நாய் வளர்க்கும் எங்கள் உறவினர் அதற்கு மின்னணுச் சில்லுப் பொருத்தி, தேசியப் பதிவேட்டில் பதிந்து, வருடாவருடம் நாய் வரி கட்டுகிறார். பிரித்தானியாவில் 2024 பெப்ரவரி முதல் எக்ஸ்எல் புல்லி நாயை விலக்குச் சான்றிதழ் இல்லாமல் இங்கிலாந்திலோ வேல்ஸிலோ வைத்திருப்பது குற்றம். சான்றிதழ் கிடைத்தாலும் கருத்தடை, காப்புறுதி, வெளியே போகும்போது வாய்க்கூடு, கயிறு எல்லாம் கட்டாயம். அங்கே இந்த விதிகளை மறுபேச்சின்றி ஏற்கும் அதே மனிதர், ஊருக்கு நாய் வாங்கி அனுப்பும்போது ஒரு தடுப்பூசி அட்டையைக்கூடக் கேட்பதில்லை. ஊரில் சட்டம் கேட்காது என்பது உண்மைதான். பொறுப்பும் அதோடு இல்லாமல் போய்விடுமா? இலங்கையில் நடைமுறையிலுள்ள உரோம டச்சுச் சட்டத்தின்படி வளர்ப்பு விலங்கு செய்த சேதத்துக்கு உரிமையாளர் நட்டஈடு கொடுக்கப் பொறுப்பாளி ஆகலாம். காவலாளியைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது.

செய்யக்கூடியவை

நாயே வளர்க்க வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. தனிமையில் இருக்கும் முதியவர்களுக்கு ஒரு நாய் பெரிய துணை. வாங்குவதற்கு முன் கயிறு யார் கையில் இருக்கப்போகிறது என்று கேட்க வேண்டும். அந்தக் கை நாயின் பாதி நிறையையாவது இழுத்துப்பிடிக்க முடியாத கை என்றால் பெரும் இனம் வேண்டாம். குரைத்து எழுப்புவதற்குப் பதினைந்து கிலோ ஊர் நாய் போதும். அதன் உணவுத் தேவை பெரும் நாயின் மூன்றில் ஒரு பங்குதான், அது எங்கள் வெயிலுக்கே பிறந்தது. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் நாய்கள் சரணாலயம் போன்ற இடங்கள், கைவிடப்பட்ட நாய்களுக்கு எங்கள் சமூகத்திலும் இடம் உண்டு என்று காட்டியிருக்கின்றன. லக்கலவில் குரங்கையும் பன்றியையும் சேனையிலிருந்து விரட்டும் நாய்களும் ஊர் நாய்கள்தான்.

ஏற்கெனவே பெரும் நாய் இருக்கும் வீடுகள் செய்ய வேண்டியது வேறு. படுக்கத் தும்பு மெத்தை அல்லது தடித்த சாக்கு, பகல் முழுக்க நிழலும் தண்ணீரும், காலையும் மாலையும் வெயில் இல்லாத நேரத்தில் நடை, பிரித்துக் கொடுக்கும் உணவு, வருடாந்தத் தடுப்பூசி, கருத்தடை. அவசரத்துக்கு ஏற்றிப்போகக்கூடிய வாகனக்காரர் ஒருவரோடு முன்கூட்டியே பேசி வைப்பதும் முக்கியம். முச்சக்கரவண்டியில் இந்த நாய் ஏறாது.

நாயைப் பார்க்கும் மனிதரை மறக்கக்கூடாது. வடக்கில் இந்த வேலைக்கு அமர்த்தப்படுபவர்களில் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள், கணவனை இழந்த பெண்கள், வேறு வேலை கிடைக்காத முன்னாள் போராளிகள் என்று பலர் இருக்கிறார்கள். வீட்டு வேலையோடு நாயையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தை மட்டும் மாற்றாமல் விடுவது சுரண்டல். அவர்களுக்கு முன்கூட்டியே விசர்நாய்க்கடித் தடுப்பூசி போடுவது, நாயைக் கையாளும் முறையைச் சொல்லிக்கொடுப்பது, கடிபட்டால் செலவை ஏற்பது, ‘இது என்னால் முடியாது’ என்று சொல்லும் உரிமையைக் கொடுப்பது எல்லாம் நாய்த் தீவனத்தைப் போலவே செலவுக் கணக்கில் வர வேண்டியவை.

பிரதேச சபைகளுக்கும் வேலை இருக்கிறது. 1901ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த பதிவு அதிகாரத்தை உயிர்ப்பித்தால், எந்த வளவில் எந்த நாய் இருக்கிறது, தடுப்பூசி போட்டதா, யார் பொறுப்பு என்பது தெரியவரும். குட்டி விற்பவர்களும் அந்தப் பதிவுக்குள் வர வேண்டும்.

லக்கலவிலிருந்து புறப்படும்போது காவலாளி படலைவரை வந்தார். நாயும் பின்னால் வந்து அவருடைய காலில் சாய்ந்து நின்றது. அதன் பாரத்தில் அவர் ஒரு அடி தள்ளாடி நிலை எடுத்தார். வன்னியில் தன்னிடமும் ஒரு நாய் இருந்தது என்றார். 2009 தைமாதம் தர்மபுரத்திலிருந்து கிளம்பியபோது அது கொஞ்சத் தூரம் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஓடிவந்ததாம். ஏற்ற இடமில்லை. பிள்ளைகளுக்கே இடமில்லாத பயணம் அது. அதற்குப் பிறகு சொந்தமாக நாய் வளர்ப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார். இந்த வேலைக்கு வந்த முதல் நாள்தான் இங்கே நாய் இருப்பதே அவருக்குத் தெரிந்தது.

வீட்டை விற்கப்போவதாக ஒரு கதை அடிபடுகிறதாம். விற்றால் தனக்கு வேறு இடம் பார்க்கலாம், இதை யார் எடுப்பார்கள் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதை வாங்கியவரிடம் அந்தக் கேள்வி வாங்கிய அன்றே கேட்கப்பட்டிருக்க வேண்டும்.